துப்பாக்கி முனையில் ஒரு தேர்வு

இயந்திரத் துப்பாக்கியை உலகுக்குத் தந்த ஹிரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், தான் உருவாக்கிய ஆயுதங்களின் ஓசையாலேயே முதுமையில் செவித்திறனைப் பெரிதும் இழந்தார். அவருடைய மகன் ஹிரம் பெர்சி மாக்சிம் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்கு. தந்தை எழுப்பிய ஓசையை மகன் தணிக்க முற்பட்டார் என்று இதைச் சொல்லலாம். இன்று நம் வாகனங்களின் புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் சைலன்சரும் அதே தத்துவத்தின் உறவினர்தான். வாகனத்தில் அதைப் பொருத்தாவிட்டால் அபராதம் விதிக்கிறோம். துப்பாக்கியில் பொருத்தினால் உலகின் பல நாடுகள் தண்டனை விதிக்கின்றன. இந்த முரண் எப்படி வந்தது என்பதை நான் சிந்திக்க நேர்ந்ததற்கு ஒரு முதியவரின் கேள்வி காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணியாற்றியபோது, எங்கள் அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வசித்தார். ஊருக்கு வெளியே அவருக்குச் சிறிது நிலம் இருந்தது. அங்கே காட்டுப்பன்றிகளின் தொல்லை மிகுதி. டெக்சாஸில் அவை பயிரை அழிக்கும் வேற்றின விலங்குகளாகவே கருதப்படுகின்றன. சொந்த நிலத்தில் இரவிலும் அவற்றைச் சுட அனுமதி உண்டு. தோள்வலி காரணமாகக் கனமான வேட்டைத் துப்பாக்கியைக் கைவிட்டு, ஏஆர்-15 வகையைச் சேர்ந்த எடை குறைந்த அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதன் குழல் முனையில் எந்தக் கருவியைப் பொருத்துவது என்பதுதான் அவருடைய கேள்வி. துப்பாக்கி பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றேன். "நீங்கள் இயந்திரப் பொறியாளர்தானே? வாயுவும் அழுத்தமும் தெரியுமல்லவா? இதுவும் அதுதான்" என்றார். அவர் சொன்னது உண்மை என்பது பின்னர் புரிந்தது.

ஏஆர்-15 என்பது 1950-களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனரும் அவருடைய குழுவினரும் வடிவமைத்தது. அதன் உரிமையை 1959-இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. ராணுவத்துக்குச் சென்ற வடிவம் எம்-16 ஆயிற்று. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரே ஒரு தோட்டா வெளிவரும் அரைத் தானியங்கி வடிவம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. அதன் தோட்டா சிறியது. எடை ஏறத்தாழ மூன்றரை கிராம்தான். ஆனால் அது குழலை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல். ஒலியின் வேகத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம்.

குழலிலிருந்து தோட்டா மட்டும் வருவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தத் தோட்டாவின் எடையில் ஏறத்தாழப் பாதியளவு வெடிமருந்து எரிந்து வாயுவாகி, தோட்டாவை விடவும் வேகமாக அதன் பின்னால் பாய்கிறது. மூன்று விளைவுகள் அதனால் உண்டாகின்றன. வெளியிலிருக்கும் காற்றின் ஆக்சிஜனைச் சந்தித்ததும் எரிந்து முடியாத வாயு மீண்டும் தீப்பற்றிப் பெரும் ஒளியாகிறது. அழுத்தம் திடீரென விடுபடுவதால் வெடியோசை எழுகிறது. பாயும் வாயு, ராக்கெட்டைப் போலத் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஒளி, ஒலி, உதைப்பு என்னும் இந்த மூன்றில் எதைக் குறைக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே குழல் முனைக் கருவிகள் வகைப்படுகின்றன. ஒன்றைக் குறைக்கப்போய் இன்னொன்றைக் கூட்டிவிடுவதும் உண்டு.

முதல் வகை ஃபிளாஷ் ஹைடர் எனப்படும் ஒளித்தணிப்பான். வெளியேறும் வாயுவைப் பிளவுகளின் வழியே சிதறடித்து, அது காற்றோடு கலந்து மீண்டும் தீப்பற்றுவதைத் தடுப்பது இதன் வேலை. சுடுபவரை எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதற்காகவே இது இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். முதன்மைப் பயன் அதுவன்று. இருளுக்குப் பழகிய கண், ஒரே ஒரு பளிச்சிடலில் பார்வையை இழந்துவிடும். சுடுபவரின் கண்ணை அந்த இழப்பிலிருந்து காப்பதே அதன் நோக்கம். எம்-16 துப்பாக்கியின் தொடக்கக் கால ஒளித்தணிப்பானுக்கு முனை திறந்த மூன்று கவைகள் இருந்தன. வியத்நாமின் புதர்களில் கொடிகள் அதில் சிக்கிக்கொண்டதால் முனை மூடிய வடிவம் வந்தது. பறவைக் கூண்டைப் போன்ற தோற்றத்தால் அதற்குப் 'பறவைக்கூண்டு' என்றே பெயர் நிலைத்தது. 1980-களில் வந்த எம்-16 ஏ2 வடிவத்தில் அதன் அடிப்பக்கப் பிளவுகள் மூடப்பட்டன. தரையில் படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாமலிருக்கவும், குழல் மேலெழுவதைச் சிறிதளவு தடுக்கவும் இந்த மாற்றம் உதவிற்று. விலை மலிவு, எடையும் சொற்பம் என்பதால் இன்றும் பெரும்பாலான ஏஆர்-15 துப்பாக்கிகள் இதனோடுதான் கடையிலிருந்து வருகின்றன.

இரண்டாம் வகை மசில் பிரேக். வாயு நேர் முன்னே பாயாதபடி தடுப்புகளில் மோதி, பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திரும்புகிறது. அந்த மோதல் துப்பாக்கியை முன்னோக்கி இழுப்பதால் பின்னுதைப்பு வெகுவாகக் குறைகிறது. இதன் நெருங்கிய உறவினரான காம்பன்சேட்டர், வாயுவின் ஒரு பகுதியை மேல்நோக்கி விட்டுக் குழல் மேலெழாமல் அழுத்துகிறது. விரைந்து பல முறை சுட வேண்டிய போட்டியாளர்கள் இவற்றை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் உதைப்பைக் குறைக்கும் அதே வாயு, ஓசையையும் கூடவே திருப்பிக்கொண்டு வருகிறது. சுடுபவரின் காதுக்கும், அதைவிட மிகுதியாகப் பக்கத்தில் இருப்பவரின் காதுக்கும் அது போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, சைலன்சர். அமெரிக்கர்கள் இப்போது சப்ரசர் என்ற சொல்லையே விரும்புகின்றனர். சட்டத்தில் இன்னும் பழைய பெயர்தான். உள்ளே வரிசையாகத் தடுப்புகள் கொண்ட ஓர் உலோக உருளை அது. வாயு அறை அறையாக விரிந்து, வெப்பத்தையும் வேகத்தையும் இழந்து, மெல்ல வெளியேறுகிறது. ஓசையும் ஒளியும் உதைப்பும் மூன்றுமே குறைகின்றன. அப்படியானால் எல்லோரும் இதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. பறவைக்கூண்டின் எடை ஒரு பிடி நாணயங்களின் எடை. சைலன்சரோ பொதுவாக 300 முதல் 500 கிராம் வரை கனக்கும். குழலின் நீளத்தையும் கூட்டும். சில டஜன் தோட்டாக்கள் சுட்ட பின் கையால் தொட முடியாத அளவு சூடேறும். வெளியேறத் தாமதிக்கும் வாயுவின் ஒரு பகுதி, துப்பாக்கியின் உள்ளே திரும்பி வந்து சுடுபவரின் முகத்தில் அடிக்கும்.

எடை குறைந்த துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. மூன்றரை கிலோ எடையுள்ள துப்பாக்கியை இரண்டரை கிலோவாகக் குறைத்தால், அதே தோட்டாவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் 40 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பிரேக் வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழும். ஆனால் இந்தத் தோட்டாவின் உதைப்பே அடிப்படையில் மிகச் சிறியது. பெரிய மான் வேட்டைத் துப்பாக்கிகளின் உதைப்பில் நான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதில் 40 விழுக்காடு கூடினாலும் தோள் தாங்கும். மறுபுறம், எடையைக் குறைப்பதற்கென்றே மெல்லிய குழலை வாங்கிவிட்டு, அதன் நுனியில் அரைக் கிலோவைத் தொங்கவிடுவது பொருளற்றதாகத் தோன்றலாம். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய சுமை, கைப்பிடி அருகே கட்டிய சுமையைவிடக் கனப்பதை நாம் அறிவோம். மெல்லிய குழலின் நுனியில் எடை கூடும்போது தோட்டா சென்று படும் இடமும் சற்று மாறும். குறியை மறுபடி சரிபார்த்தாக வேண்டும். குழலின் மரையும் கருவியின் துளையும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் தோட்டா சைலன்சரின் உட்புறத்தில் உரசிச் சேதம் விளைவிக்கும். எனவே பொருத்தும் வேலையைத் தேர்ந்த கைவினைஞரிடம் விட்டுவிடுவதே அறிவு.

இந்தக் கணக்கையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் சுடுதளம் ஒன்றுக்குச் சென்றோம். தகரக் கூரையின் கீழ் வரிசையாக மேசைகள். எங்களிடமிருந்து இரண்டு மேசைகள் தள்ளி ஓர் இளைஞர், மசில் பிரேக் பொருத்திய துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தார். காதில் அடைப்பான் இருந்தும் ஒவ்வொரு வெடிக்கும் என் கண்கள் தாமே மூடிக்கொண்டன. நெஞ்சில் யாரோ தட்டுவது போலிருந்தது. முதியவர் அடைப்பானுக்கு மேல் காதுக்கவசத்தையும் அணிந்துகொண்டார். இடைவேளையில் அந்த இளைஞர் மிகுந்த அன்போடு தன் துப்பாக்கியைப் பற்றி விளக்கினார். "உதைப்பே இல்லை" என்றார். உண்மைதான். அவருக்கு இல்லை, அதை நாங்கள்தாம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் செய்தி தனிமனிதரின் விருப்பத்தைத் தாண்டுகிறது. ஏஆர்-15 வகைத் துப்பாக்கியின் ஓசை, சுடுபவரின் காதருகே ஏறத்தாழ 160 டெசிபலைத் தாண்டும். திடீர் ஓசை 140 டெசிபலைக் கடக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. நமக்குப் பழக்கமான ஓர் அளவுகோலைச் சொல்வதானால், வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 145 டெசிபல் உச்ச ஓசையைக் கடக்கும் பட்டாசுகளுக்கு இந்தியாவில் தடை உள்ளது. டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 20 டெசிபல் கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்காகிறது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. ஒரே ஒரு வெடி போதும், வாழ்நாள் முழுதும் நீடிக்கும் காதிரைச்சலைத் தந்துவிட. காதடைப்பானும் கவசமும் சேர்த்து அணிந்தால் இரண்டின் பயனும் கூட்டாகக் கிடைக்கும் என்பதும் தவறு. ஒன்றின் மேல் மற்றொன்று தருவது சுமார் ஐந்து டெசிபல் கூடுதல் பாதுகாப்பு மட்டுமே.

சைலன்சர் குறைப்பது பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரை. திரைப்படங்களில் கேட்கும் மெல்லிய சீறல் வெறும் கற்பனை. சைலன்சர் பொருத்திய ஏஆர்-15 அப்போதும் ஒரு பட்டாசின் ஓசையோடு போட்டியிடும். அதோடு, ஒலியை முந்திச் செல்லும் தோட்டா வழியெல்லாம் சாட்டை சொடுக்கும் ஓசையை எழுப்பிக்கொண்டே போகும். குழல் முனையில் பொருத்தும் எந்தக் கருவியாலும் அதைத் தடுக்க இயலாது.

அமெரிக்கச் சட்டங்கள் இந்தச் சிறிய உலோகத் துண்டுகளை நடத்தியிருக்கும் விதம் விந்தையானது. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கிகளோடு சைலன்சரையும் ஒரே பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி விதித்தது. இன்றைய மதிப்பில் அது நான்காயிரம் டாலருக்கும் மேல். தொகை ஒருபோதும் உயர்த்தப்படாததால் பணவீக்கம் அந்த வரியின் வலிமையை ஆண்டுதோறும் அரித்தது. 2025 ஜூலையில் கையொப்பமான சட்டம், 2026 ஜனவரி முதல் சைலன்சருக்கான அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. ஆனால் பதிவு செய்யும் கடமையும் பின்னணி விசாரணையும் நீடிக்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் அதை வைத்திருக்கவே கூடாது.

ஒளித்தணிப்பானின் கதை இன்னும் விந்தை. 1994-இல் இயற்றப்பட்டு 2004-இல் காலாவதியான கூட்டாட்சித் தடைச்சட்டம், கழற்றக்கூடிய தோட்டாப் பெட்டியுள்ள அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒன்று 'தாக்குதல் ஆயுதம்' ஆகுமா என்பதை அதன் உறுப்புகளை எண்ணி முடிவு செய்தது. மடக்கும் அடிக்கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி, துப்பாக்கிக் கத்தி பொருத்தும் இடம், ஒளித்தணிப்பான் அல்லது அதற்கான மரை ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டு இருந்தால் தடை; ஒன்று மட்டும் இருந்தால் தடையில்லை. கலிபோர்னியாவில் இன்றும் அத்தகைய துப்பாக்கியில் ஒளித்தணிப்பான் ஒன்றிருந்தாலே தடை; மசில் பிரேக்குக்குத் தடையில்லை. அதாவது, கண்ணைக் காக்கும் கருவி குற்றம். பக்கத்து ஆளின் காதைக் கெடுக்கும் கருவி சட்டப்படி சரி. நியூயார்க்கின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ பிரேக்கையும் சேர்த்தே தடைப் பட்டியலில் வைத்தது. ஒரே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாநில எல்லையைக் கடப்பவர், நுனியிலுள்ள அந்தத் துண்டால் மட்டுமே குற்றவாளியாகக்கூடும்.

இந்தச் சட்டங்களை இயற்றியவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமாகாது. அவர்கள் முன்னே கிடந்தவை பிணங்கள். 2012-இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியிலும் 2022-இல் யுவால்டியிலும் குழந்தைகளைக் கொன்றவை ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளே. 2019 மே மாதம் வர்ஜீனியா பீச் நகரில் 12 பேரைக் கொன்றவரின் கைத்துப்பாக்கியில் சைலன்சர் பொருத்தப்பட்டிருந்தது. வெடியோசை என்பது ஓர் எச்சரிக்கை மணியும் ஆகும். அதைக் கேட்டு ஓடித் தப்பியவர்கள் உண்டு. எந்தத் திசையிலிருந்து ஓசை வந்தது என்பதை அறிவது உயிரைக் காக்கும். காதைக் காப்பதற்கான கருவி, ஓட வேண்டியவரின் காதையும் ஏமாற்றக்கூடும் என்ற அச்சத்தை நான் புறந்தள்ளத் தயாரில்லை.

ஆயினும் நார்வேயையும் பின்லாந்தையும் பாருங்கள். அங்கே வேட்டைக்காரர்கள் சைலன்சர் பொருத்துவது வழக்கம். அண்டை அயலாரின் அமைதியைக் கெடுக்காத பண்பாகவே அது கருதப்படுகிறது. அச்சம் ஏன் எழவில்லை? துப்பாக்கியை வைத்திருக்கத் தகுதியுள்ளவர் யார் என்பதை அந்நாடுகள் முன்கூட்டியே கடுமையாகச் சோதித்துவிடுகின்றன. வாசலில் காவல் இருப்பதால் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிக் கவலை குறைகிறது. நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கான துணைக்கருவியையும் 'துப்பாக்கி' என்னும் வரையறைக்குள்ளேயே அது அடக்கிவிடுகிறது. இரண்டு அணுகுமுறைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியை எளிதாக விட்டுவிட்டு, அதன் நுனியில் இருக்கும் துண்டைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறார்கள். துப்பாக்கி யார் கையில் என்ற கடினமான கேள்வியிலிருந்து, நுனியில் என்ன என்ற எளிய கேள்விக்கு நழுவிவிடும் வசதி இரு தரப்பினருக்கும் அதில் கிடைக்கிறது.

அப்படியானால் ஒருவர் எதைத் தேர்வது? பொறியாளனாக என் விடை இதுதான்: கருவியின் பட்டியலைப் பார்க்கும் முன், சுடும் இடத்தைப் பார்க்க வேண்டும். முதலில் அந்த மாநிலச் சட்டம். அடுத்து, பக்கத்தில் யார் இருப்பார் என்பது. திறந்த வெளிப் போட்டியில், எல்லோரும் விலகி நின்று கவசம் அணிந்திருக்கையில், பிரேக்குக்கு இடமுண்டு. கூரையின் கீழும், வாகனத்துக்குள்ளும், வேட்டைத் தோழர் அருகிலிருக்கும்போதும் அது அண்டையாருக்குச் செய்யும் தீங்கு. இருளில் பயன்படுத்துபவருக்கும் எடையைப் பொருட்படுத்துபவருக்கும் சாதாரணப் பறவைக்கூண்டே பெரும்பாலும் போதும். நெடுங்காலம் சுடப்போகிறவர், அதுவும் பிறரோடு சேர்ந்து சுடுபவர், எடையையும் செலவையும் தாளையும் கையொப்பத்தையும் பொறுத்துக்கொண்டு சைலன்சரை நாடுவதில் நியாயம் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் காதடைப்பானைக் கழற்றக் கூடாது.

முதியவர் அந்தச் சுடுதளத்திலிருந்து திரும்பும் வழியிலேயே பிரேக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். முதலில் பறவைக்கூண்டையே வைத்திருந்தார். பிறகு விண்ணப்பம் கொடுத்து, கைரேகை பதித்து, 200 டாலர் கட்டி, பல மாதங்கள் காத்திருந்து சைலன்சர் வாங்கினார். எடை கூடிவிட்டதே என்று கேட்டேன். இளமையில் பாதுகாப்பின்றிச் சுட்ட பழக்கத்தால் அவருக்கு இரு காதிலும் ஓயாத இரைச்சல்; எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். என் கேள்வியையும் மீண்டும் கேட்டார். பிறகு பதில் சொன்னார்: "என் காது போனது போனதுதான். பன்றிக்குக் காத்திருக்கும் இரவுகளில் என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வயது பன்னிரண்டு."

அடுத்த முறை அவர்கள் புறப்பட்டபோது பார்த்தேன். சைலன்சர் பொருத்திய துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது. பேத்தியின் கழுத்தில் காதுக்கவசம் தொங்கிக்கொண்டிருந்தது. முதியவரின் கழுத்திலும் ஒன்று தொங்கியது.